விளக்குக்குக் கீழே ஒரு விரற்கடை

அமராவதி ரீச்சரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். அவருடைய புத்தகத்தை வெட்டச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் இவ்வளவு நேரமும் ஒளித்து வைத்திருந்தவன் போலத் தெரியும்.

என் பெயர் தயாபரன். வவுனியாவில் இருக்கிறேன். வன்னியில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னச் சபைகளின் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பிள்ளைகளுக்கு வேதக் கதைகளை எப்படிச் சொல்வது, படத்தை எந்த உயரத்தில் பிடிப்பது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். இருபது வருடமாக இந்த வாய்க்கு ஓய்வு கொடுத்ததில்லை. கொடுத்திருக்கலாம்.

ரீச்சர் தர்மபுரத்தில் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. 'ரீச்சர்' என்பது பிள்ளைகள் கொடுத்த பட்டம். அவர் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். தாயும் தகப்பனும் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்தபின், ஏழு வயது மகளையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, மற்றவர்களின் வயலில் நாற்று நட்டு, இந்த மண்ணில் ஊன்றியவர்கள். வீட்டில் மாரியம்மன் படம் இருந்தது. அமராவதிக்கு இருபது வயதாக இருக்கையில் தாய் மலேரியா முற்றிக் கிடந்தபோது, சபைப் போதகர் ராஜரத்தினத்தின் மனைவி தன் சைக்கிள் கரியரில் அவரை இருத்தி ஐந்து மைல் உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தாய் பிழைத்தார். அடுத்த ஞாயிறு அமராவதி சபைக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தார்.

"அந்த அம்மா சைக்கிள் உருட்டின உருட்டுக்குத்தான் நான் வேதத்துக்கு வந்தனான். பிரசங்கம் விளங்கினது பிறகுதான்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். வன்னித் தமிழ்தான் பேசுவார். பதறினால் மட்டும் தாயின் மலையகத் தமிழ் வாயில் வந்துவிடும்.

புத்தகம் தொண்ணூற்றேழில் அவர் கைக்கு வந்தது. போதகர் ராஜரத்தினம் படுக்கையில் விழுந்தபின் தன் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. வேதாகமக் காலத்துச் சாமான்களையும் மனிதர்களையும் விளக்கும் பெரிய படப் புத்தகம். வீடு, கலப்பை, கிணறு, செக்கு, களம், விளக்கு, படகு, ஆசாரியனின் உடுப்பு, ஆட்டுத் தொழுவம், தேச வரைபடம் என்று எல்லாம் வண்ணத்தில் வரைந்திருக்கும். எழுத்து முழுக்க ஆங்கிலம். போதகர் ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் சிறியதாகத் தமிழ் விளக்கம் எழுதியிருந்தார். ரீச்சருக்கு அதுவே போதும். ஒரு வருடத்தில் புத்தகத்தை மனப்பாடமாக்கிவிட்டார்.

அவர் படம் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். திமிர்வாதக்காரனை நாலுபேர் கூரையைப் பிரித்து இறக்கிய கதையைச் சொன்னால், தகரக் கூரையையும் தென்னங்கிடுகுக் கூரையையும் மட்டுமே கண்ட எங்கள் பிள்ளைகள், "தகரத்தைக் கழட்டினவையோ, ஆணி என்ன செய்தவை?" என்று கேட்பார்கள். ரீச்சர் புத்தகத்தை விரித்து, மரக்கொப்பும் களிமண்ணும் போட்ட தட்டைக் கூரையின் வெட்டுத்தோற்றத்தைக் காட்டுவார். ஒரு பிள்ளையாவது விரலால் அந்தக் களிமண்ணைக் கிண்டிப் பார்க்கும். களத்தில் மாடு சுற்றும் படம் வந்தால் அவர் வாயே திறக்க மாட்டார். பிள்ளைகள்தான் அவருக்குச் சூடுமிதிப்பைப் பற்றிப் பாடம் எடுப்பார்கள். வாசல் கதவில்லாத தொழுவப் படத்துக்கு, சபை வாசற்படியில் தானே குறுக்கே படுத்துக் காட்டுவார். மேய்ப்பன்தான் கதவு என்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சாகும்வரை மறக்காது. பயிற்சி கொடுக்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பயிற்சியில் என் சொந்தச் சரக்குப் போல மற்றவர்களுக்குச் சொன்னேன்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சண்டைக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஒரு பென்சில்கூடக் கிடைக்காது. ஆகவே வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லும் பிள்ளை, தான் விரும்பிய படத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதலாம். பெயருக்குக் கீழே திகதி. பென்சிலால்தான் எழுத வேண்டும்; பேனை ஊறிவிடும். இதுதான் பரிசு. பிள்ளைகள் இதற்கு அடிபட்டார்கள். கப்பல் படத்தைச் சுற்றி இடமே இல்லாமல் போனது. பன்னிரண்டு வருடத்தில் முந்நூறு பெயருக்கு மேல் ஏறியது. வேதக்காரப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள் என்ற பேதம் இல்லை. படம் பார்க்க எல்லோரும் வந்தார்கள்.

இரண்டாயிரத்தெட்டு முடிவில் தர்மபுரம் முழுக்க இடம்பெயர்ந்த சனம். நத்தார்ப் பண்டிகையோடு வகுப்பு நின்றது. ஷெல் அடி அவ்வளவு கிட்ட வந்துவிட்டது. தை மாதம் ரீச்சரும் கணவர் சிவராசாவும் ஓடினார்கள். ரீச்சரின் தோளில் அரிசிப் பை, அரிசிப் பைக்குள் மழைத் தறப்பாளில் சுற்றிய புத்தகம். மாசியில் சிவராசா பதுங்குகுழி வாசலில் செத்தார். புதைத்த இடத்துக்கு அடையாளமாக ஒரு பனங்குற்றியை வைத்துவிட்டு வந்தார் ரீச்சர். பிறகு போய்ப் பார்த்தபோது அங்கே பனங்குற்றியும் இல்லை, அடையாளம் பிடிக்க ஒரு பனையும் இல்லை. புத்தகம் மட்டும் அவரோடு செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தது.

ஆனி மாதத்தில் முகாமில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் மறுபடி வகுப்புத் தொடங்கினார். எழுபது, எண்பது பிள்ளைகள். பேனுக்குப் பயந்து எல்லோருக்கும் தலையை மழித்திருந்தார்கள். பெண்பிள்ளை எது, ஆண்பிள்ளை எது என்று தெரியாது. வாரத்துக்கு வாரம் முகங்கள் மாறும். வனாந்தரத்தில் இஸ்ரவேலரோடு போன ஆசரிப்புக் கூடாரத்தின் படத்தை விரித்து, "கடவுளும் அந்த நேரம் தறப்பாளுக்குள்ளைதான் இருந்தவர்" என்று சொன்னாராம். அந்த வசனத்தை நான் எத்தனை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

ஆனால் அந்த மாதங்களில் பார்த்த முகம் ஒன்றும் ரீச்சரின் மனதில் நிற்கவில்லை. "நான் வகுப்பு எடுத்தனான் எண்டதே மற்றவை சொல்லித்தான் தெரியும், பிரதர். வாய் கதைச்சது. நான் அங்கை இல்லை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பங்கு. இரண்டாயிரத்துப் பதினைந்தில் வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி நடத்தினேன். துணிப் பலகை என்பது அப்போது என் பித்து. பலகையில் கம்பளித் துணியை இழுத்துக் கட்டி, வெட்டிய படங்களின் பின்புறம் ஒரு துண்டுக் கம்பளியை ஒட்டினால் படம் துணியில் பிடித்து நிற்கும். கதை நகர நகரப் படத்தையும் நகர்த்தலாம். "புத்தகத்துக்குள்ளை பூட்டி வைச்ச படம் ஒரு பிள்ளைக்கும் உதவாது. எடுங்கோ கத்தரிக்கோலை" என்று நான் முழங்கினேன். "கீழை மட்டும் ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கோ, பிடிக்கிறதுக்கு" என்றும் சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து ரீச்சர் எழும்பினார். "பிரதர், என்ரை புத்தகத்திலை ஓரம் முழுக்கப் பிள்ளையளின்ரை பேர் கிடக்குது. என்ன செய்யிறது?"

நான் யோசிக்கவில்லை. மண்டபத்தைச் சிரிக்க வைக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான். "அக்கா, அதுகளின்ரை பேர் பரலோகத்திலை எழுதியிருக்குது. இஞ்சை ஓரம் என்னத்துக்கு?" என்றேன். மண்டபம் சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டு இருந்தார்.

வீட்டுக்குப் போய் மூன்று நாளில் முழுப் புத்தகத்தையும் வெட்டினார். சொன்ன சொல் மாறாமல் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு விரற்கடை விட்டார். வெட்டி விழுந்த ஓரங்களை என்ன செய்வதென்று அவருக்குப் பெரிய யோசனை. வேதப் புத்தகத்துக் கடதாசியைக் குப்பையில் போடக்கூடாது. காலில் மிதிபட்டால் பாவம். வேறொருவராக இருந்திருந்தால் சும்மா ஒரு பைக்குள் திணித்து மூலையில் எறிந்திருப்பார். அவை இன்றைக்கும் கிடந்திருக்கும். ரீச்சர் பக்தியுள்ளவர். ஒரு ஜெபம் செய்துவிட்டு, குசினி அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்து மரியாதையாக எரித்தார்.

ஒன்பது வருடம் கழித்து, சென்ற வருடம் ஆனி மாதத்தில், நாகேஸ்வரி அம்மா வந்தார்.

நான் அன்றைக்கு ரீச்சர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். படலையில் ஒரு மெலிந்த மனிசி, அறுபது வயது இருக்கும், குடையை மடக்காமலே நின்றார். நெற்றியில் திருநீறு. கையில் ஒரு கோப்பு. வன்னியில் அந்த வயதுப் பெண் ஒருத்தி கோப்போடு நின்றால், காணாமல்போன யாரையோ தேடுகிறார் என்று கேட்காமலே தெரியும்.

"படப்புத்தகம் வைச்சிருந்த ரீச்சர் நீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. உள்ளுக்கு வாங்கோ."

கதிரையில் இருக்காமலே சொல்லத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே காணி எடுத்து நெல் விதைத்தவர்கள். ஒரே மகள் தேனுகா. இரண்டாயிரத்தெட்டு ஐப்பசியில் இடம்பெயர்ந்து, தர்மபுரத்தில் இந்தச் சபைக்குப் பின்னால்தான் தறப்பாள் கட்டி இருந்தார்கள். அப்போது தேனுகாவுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க ஓடிவிடுவாளாம்.

"வேதக்காரரிட்டைப் போகாதை எண்டு ஒரு நாள் அகப்பைக் காம்பாலை அடிச்சுப்போட்டன். அவள் அழேல்லை. விளக்குப் படத்திலை என்ரை பேர் எழுதப் போறன் அம்மா, பாடமாக்க விடுங்கோ எண்டாள்" என்றார் நாகேஸ்வரி.

பிறகு நடந்தது சுருக்கமானது. அடுத்த வருடம் சித்திரையில், சனமெல்லாம் ஒதுங்கிய கடற்கரையில், நாகேஸ்வரிக்கு வயிற்றில் காயம். கணவர் யோகநாதனோடு காயக்காரரை ஏற்றிய கப்பலில் போனார். ஒரு ஆள்தான் கூட வரலாம் என்றார்கள். மகளைத் தம்பி குடும்பத்திடம் விட்டார். அதற்குப் பிறகு தம்பி குடும்பமும் இல்லை, மகளும் இல்லை. பதினைந்து வருடமாக ஒரு தகவலும் இல்லை.

இப்போது யோகநாதனுக்கு இருதயம் சரியில்லை. தான் செத்தால் மகளுக்கு யார் செய்வார்கள், ஆவி அலையுமே என்று அவருக்கு ஒரே பயம். அடுத்த மாதம் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு செய்ய ஐயரோடு நாள் பேசிவிட்டார். மரணச் சான்றிதழுக்கும் கையெழுத்து வைக்கப் போகிறார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டுச் சடங்கு செய்தால், நாங்களே கொண்டமாதிரித்தானே" என்று நாகேஸ்வரி சொன்னார். "போன கிழமை வவுனியா ஆஸ்பத்திரியிலை ரஜிதா எண்ட பிள்ளையைக் கண்டனான். அவளும் உங்களிட்டைப் படம் பாத்தவளாம். முகாமிலை, தறப்பாளுக்குள்ளை, விளக்குப் படத்துக்குக் கீழை தேனுகாவின்ரை பேரைத் தான் பாத்ததெண்டு சொல்லுறாள். பேருக்குக் கீழை திகதி இருக்குமாம். ரீச்சர், முகாமிலை எழுதின திகதி எண்டால் என்ரை பிள்ளை சண்டையிலை சாகேல்லை. நடந்து முகாம் வரைக்கும் வந்திட்டாள். அந்தத் திகதியை மட்டும் காட்டுங்கோ. அவர் சடங்கை விட்டிடுவார். அந்த மனுசி பொய் சொல்லாது எண்டு உங்களைப் பற்றி அவரே சொல்லுறவர்."

ரீச்சர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உதவி கேட்கும் பார்வையாக இருந்தது.

"அக்கா, அந்தப் புத்தகத்தை நான் வெட்டிப்போட்டன்" என்றார் ரீச்சர்.

நாகேஸ்வரிக்கு விளங்கவில்லை. "வெட்டினதெண்டால்?"

ரீச்சர் அறைக்குள் போய் ஒரு பெரிய பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். ஒட்டகங்கள், கலப்பைகள், தூண்கள், அரசர்கள், கழுதைகள் என்று இருநூறுக்கு மேல் துண்டுகள். மூன்று பேரும் முழங்காலில் இருந்து தேடினோம். ஒவ்வொன்றின் அடியிலும் அந்த விரற்கடை இருந்தது. சிலவற்றில் போதகரின் விளக்கம் மட்டும். சிலவற்றில் பாதிப் பெயர்கள். 'கிருப' என்று ஒரு கழுதைக்குக் கீழே. 'நிஷாந்' என்று ஒரு பானைக்குக் கீழே. திகதி ஒன்றிலும் இல்லை. பெயர் மேல் வரியிலும் திகதி கீழ் வரியிலும் எழுதுவது வழக்கமாகையால், கத்தரிக்கோல் எல்லாத் திகதிகளையும் ஒழுங்காக வெட்டிப் போட்டிருந்தது. நாகேஸ்வரி ஒவ்வொரு பாதிப் பெயரையும் வாய்விட்டு வாசித்துவிட்டு, கவனமாகப் பாயில் திருப்பி வைத்தார். எனக்கு எழும்பி வெளியே ஓட வேண்டும் போல இருந்தது.

விளக்கு அங்கே இல்லை.

ரீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பத்துக் கன்னிகைகளின் கதைக்காக இரண்டு வருடத்துக்கு முன் ஒட்டுசுட்டானில் இருக்கும் பிரேமிளா என்ற ஆசிரியைக்கு அதைக் கொடுத்திருந்தார். பிரேமிளாவுக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் எடுக்கவில்லை. மறுநாள் காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். புதுக்குடியிருப்பில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் நின்றோம். நாகேஸ்வரி ஒன்றும் சாப்பிடவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டு ஊற்றிவிட்டார்.

பஸ்ஸில் ரீச்சர் என் காதில் கேட்டார்: "பிரதர், பழைய திகதி கிடந்தால் அந்த அக்கா தாங்குவாவோ? அது இருக்க வேணும் எண்டு ஜெபிக்கிறதோ, இருக்கக்கூடாது எண்டு ஜெபிக்கிறதோ?"

எனக்குக் கோபம் வந்தது. "இதென்ன கேள்வி அக்கா?" என்றேன். இருக்கவேண்டும் என்றுதான் நான் ஜெபித்துக்கொண்டு போனேன். அது இருந்தால் என் பாவம் பாதி குறையும் என்ற எண்ணம். இந்த அளவுக்குத்தான் என் பக்தி.

பிரேமிளாவின் சபைக்குப் போனால், பின்பக்கச் சுவர் இல்லை. அங்கே வைத்திருந்த நெல் மூட்டையை மணந்துகொண்டு வந்த யானை, இரண்டு கிழமைக்கு முன் சுவரைத் தள்ளிவிட்டிருந்தது. பிள்ளைகளின் சாமான் பெட்டி அந்தச் சுவரோடுதான் இருந்ததாம். இடிந்த கல்லுக்குள் நனைந்து கிடந்ததை எடுத்து, வெயிலில் காயவைத்து, வீட்டுப் பரணில் போட்டிருப்பதாகப் பிரேமிளா சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாகேஸ்வரி அந்த வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

விளக்கு இருந்தது. உள்ளங்கை அளவு மண் விளக்கு, மூக்கில் ஒரு மஞ்சள் சுடர். ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதன் கீழே அந்த விரற்கடையில், போதகரின் எழுத்துக்கு அடுத்து, பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில்: யோ. தேனுகா.

நாகேஸ்வரி அழவில்லை. அந்த எழுத்தை விரலால் தொடக்கூட இல்லை. அழிந்துவிடும் என்று பயந்தார். மூச்சை மட்டும் வேறு பக்கம் திருப்பி விட்டார்.

பெயருக்குக் கீழே கத்தரிக்கோல் போயிருந்தது. ஆனால் வலப்பக்கத்தில் அது கொஞ்சம் கீழே சறுக்கியிருந்தது. அந்த இடத்தில், திகதியின் கடைசி எண்ணின் தலை மட்டும் தப்பியிருந்தது. ஒரு சின்ன வட்டம். அதற்குக் கீழே கடதாசி இல்லை.

"ஒன்பது" என்றார் நாகேஸ்வரி. "இது ஒன்பது. இரண்டாயிரத்தொன்பது. தம்பி, பாருங்கோ."

நான் தொலைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்தேன். வட்டம் பெரிதானது. வேறு ஒன்றும் வரவில்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் தலை ஒன்றுதான். எட்டு என்றால் தர்மபுரத்தில், சபைக்குப் பின்னால், அகப்பைக் காம்பால் அடிவாங்கிய நாட்களில் எழுதியது. ரஜிதா முகாமில் பார்த்தது அந்தப் பழைய பெயரை. ஒன்பது என்றால் முகாமில் எழுதியது. அந்த வருடம் வேறெங்கும் வகுப்பு நடக்கவில்லை. இடையில் இருந்த வித்தியாசம் ஒரு வாலா, இன்னொரு வட்டமா என்பது மட்டும். அது ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு குசினி அடுப்பில் எரிந்துவிட்டது.

"அவள் எட்டை ரெண்டு வட்டமாகத்தான் போடுவாள். ஒண்டுக்கு மேலை ஒண்டு" என்று நாகேஸ்வரி வேகமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அது எதையும் தீர்க்கவில்லை என்று அவருக்கே தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பின்னேரம் தர்மபுரத்துக்குத் திரும்பினோம். ரீச்சர் வீட்டு மேசையில் விளக்கை வைத்துவிட்டு நாகேஸ்வரி கேட்டார்:

"ரீச்சர், நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ. முகாமிலை, ஆனி மாசம், தேனுகா உங்களிட்டைப் படிச்சவள், நீங்கள் கண்டனீங்கள் எண்டு. அவர் அதைப் பாத்தால் போதும். காணாமல் போன ஆக்களின்ரை அலுவலகத்திலையும் குடுக்கலாம்."

ரீச்சர் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"உங்கடை கைதானே வெட்டினது" என்றார் நாகேஸ்வரி. குரல் உயரவில்லை.

பாயில் இன்னும் துண்டுகள் கிடந்தன. மோசேயின் இரண்டு கற்பலகைகளும் அங்கே கிடந்தன. பொய்ச் சாட்சி சொல்லக்கூடாது என்பதை ரீச்சர் இருபத்தேழு வருடமாக அந்தப் படத்தைப் பிடித்துத்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது அவர் கண் அதன் மேல் போய்ப் போய் வந்தது.

நான்தான் வாய் திறந்தேன். "எழுதுங்கோ அக்கா. ஒன்பதாயும் இருக்கலாம்தானே. பாதி உண்மை." என் குரல் எனக்கே பயிற்சி மண்டபத்துக் குரலாகக் கேட்டது.

ரீச்சர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். நாலு வரி எழுத அரை மணித்தியாலம் எடுத்தது. 2009 ஆனி மாதம் செட்டிகுளம் முகாமில் யோகநாதன் தேனுகா என்ற பிள்ளை என் வகுப்பில் இருந்ததை நான் கண்ணால் கண்டேன் என்று எழுதி, கையெழுத்து வைத்து, கீழே திகதி போட்டார். திகதி போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாகேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "கடவுள் உங்களைக் காப்பாத்தும்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு படலைவரை போனார். படலையைத் திறந்தார். அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"ரீச்சர், இந்தக் கடிதம் அவருக்கு. எனக்கு நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. என்ரை பிள்ளை அந்தத் தறப்பாளுக்குள்ளை இருந்தவளோ?"

ரீச்சர் வாயைத் திறந்தார். 'ஓம்' என்று சொல்வதற்குத்தான் திறந்தார். அந்த ஒரு சொல்லுக்கு உதடு குவிந்ததை நான் கண்டேன். சொல்லட்டும், சொல்லிவிடட்டும் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ரீச்சர் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பதினைந்து வருடத்துக்கு முந்திய மழித்த தலைகளுக்குள், அந்த முகத்தின் சாயலில் ஒன்று இருந்ததா என்று தேடினார். தேடி முடித்ததும் தரையில் இருந்துவிட்டார்.

"தெரியலீங்கம்மா" என்றார். "எனக்குத் தெரியலீங்க. ஒரு புள்ள மூஞ்சியும் ஞாபகம் இல்லீங்க. நெருப்புல வச்சிட்டேன், அம்மா."

நாகேஸ்வரி கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்தார்.

"அவர் சடங்கைச் செய்யட்டும். நான் கீரிமலைக்குப் போவன். வாகனத்தாலை இறங்க மாட்டன்" என்றார். பிறகு விளக்குப் படத்தைக் கையில் எடுத்தார். "இதை நான் கொண்டு போறன் ரீச்சர். எட்டெண்டாலும் அவளின்ரை கைதானே."

ரீச்சரால் தலையை ஆட்ட மட்டும்தான் முடிந்தது. நாகேஸ்வரி விளக்கைச் சேலைத் தலைப்பில் பொதிந்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார். வெயில் எரித்தது. குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன், பஸ் போய்விட்டது.

இப்போதும் ரீச்சர் ஞாயிறு வகுப்பு எடுக்கிறார். பத்துக் கன்னிகைகளின் கதை வந்தால் கையை விளக்குப் போலக் குவித்துக் காட்டுகிறார். துணிப் பலகையை நான் விட்டுவிட்டேன். பயிற்சியில் யாராவது எழும்பி ஏதாவது கேட்டால், பதில் சொல்லுமுன் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

அந்தக் கடிதம் இன்னும் பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கிறது. பொய்க் கடிதம்தானே, எரித்துவிடுங்கள் என்று நான் ஒருநாள் சொன்னேன். ரீச்சர் ரின்னை மூடி அலுமாரிக்குள் வைத்தார். கடதாசி எதையும் அவர் இப்போது எரிப்பதில்லை. அடுப்பு மூட்டக்கூடச் சருகுதான் பொறுக்குகிறார்.